கோலாலம்பூரா, சிங்கப்பூரா: சம்பளத்தைப் பெருக்கும் முன் அட்டையின் நிறத்தைப் பாருங்கள்

கேள்வி இதுதான். கணவன், மனைவி இருவரும் மலேசியக் குடிமக்கள். கணவருக்கு 34 வயது, கோலாலம்பூரில் மாதம் 9,000 ரிங்கிட் சம்பளம். மனைவிக்கு 4,000 ரிங்கிட். மகனுக்கு 5 வயது, மகளுக்கு 2. சிங்கப்பூரில் ஒரு நிறுவனம் கணவருக்கு மாதம் 6,200 வெள்ளி தருவதாகச் சொல்கிறது. 3.2-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 20,000 ரிங்கிட் வருகிறது. எந்த நாட்டில் வாழ்க்கைத்தரம் மேல்? குடும்பத்தோடு கிளம்பலாமா?

இரண்டு கரையிலும் பணத்தை ‘வெள்ளி’ என்றுதான் சொல்கிறோம். குழப்பம் வராமலிருக்க, இந்தப் பதிலில் வெள்ளி என்றால் சிங்கப்பூர்ப் பணம், ரிங்கிட் என்றால் மலேசியப் பணம்.

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சம்பளத்துக்கு, இந்த வயதில் கிடைக்கும் அனுமதி அட்டையோடு, குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போவது இழப்பு. அதே 6,200 வெள்ளியை நிரந்தரவாசியாக வாங்கினால் கணக்கே வேறு. ஆகவே ‘எந்த நாடு’ என்பதைவிட ‘அந்த நாட்டில் என் கையில் எந்த அட்டை இருக்கும்’ என்பதுதான் பெரிய கேள்வி. மலேசியாவில் நீல அடையாள அட்டை என்றால் குடிமகன், சிவப்பு அட்டை என்றால் நிரந்தரவாசி. சிங்கப்பூரில் இளஞ்சிவப்பு அட்டை குடிமகனுடையது, நீலம் நிரந்தரவாசியுடையது. பாலத்தைக் கடந்ததும் நிறங்களின் பொருள் மாறுகிறது. உங்களுக்கோ அங்கே இந்த இரண்டில் ஒன்றும் இருக்காது, வேலை அனுமதி அட்டை மட்டும்தான்.

உலகத் தரவரிசைகளை வைத்து இதை முடிவு செய்ய முடியாததற்கும் அதுதான் காரணம். மனித மேம்பாட்டுக் குறியீட்டிலும் ஆயுட்காலத்திலும் சிங்கப்பூர் மலேசியாவைவிட வெகுதூரம் முன்னே நிற்கிறது. சராசரி ஆயுள் அங்கே சுமார் 83, இங்கே சுமார் 75. ஆனால் சிங்கப்பூரின் குடும்ப வருமானம், சொந்த வீடு, வேலை நிலவரம் பற்றிய கணக்குகள் பெரும்பாலும் குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டும் எண்ணியவை. 2024 நடுப்பகுதியில் மக்கள்தொகை 60 லட்சத்தைத் தாண்டியபோது, அதில் 18 லட்சத்துக்கும் அதிகமானோர் இந்த இரண்டிலும் சேராதவர்கள். நீங்கள் அந்த 18 லட்சத்தோடு சேர்வீர்கள். வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் சொந்த வீடு, மத்திய சேமநிதி, மருத்துவச் சேமிப்பான மெடிசேவ் என்று சிங்கப்பூரை சிங்கப்பூராக்கும் ஏற்பாடுகள் எதுவும் உங்களைத் தொடாது. சாலை, ரயில், பாதுகாப்பு, சுத்தம் ஆகியவை மட்டுமே எல்லோருக்கும் பொது.

உங்களுக்குக் கிடைக்கப்போகும் அட்டை எது என்று பார்ப்போம். 2025 ஜனவரி முதல், உயர்நிலை வேலைகளுக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கான குறைந்தபட்சச் சம்பளம் 5,600 வெள்ளி. 6,200 அதற்கு மேல்தானே என்று பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். 5,600 என்பது 23 வயது இளைஞருக்கு உரிய எண். வயது ஏற ஏற அது கூடி, 45 வயதில் 10,700 வெள்ளியைத் தொடுகிறது. 34 வயதுக்கு 8,000 வெள்ளிக்கு மேல் வேண்டும், நிதித் துறையில் அதைவிடவும் அதிகம். எனவே உங்களுக்கு வருவது அதற்கு அடுத்த படியான எஸ் பாஸ். அதற்கு நிறுவனத்துக்கு ஒதுக்கீட்டு எண்ணிக்கை உண்டு. சேவைத் துறை என்றால் மொத்த ஊழியரில் 10 விழுக்காட்டுக்கு மேல் எஸ் பாஸ் வைத்திருக்க முடியாது. மாதந்தோறும் அரசுக்குத் தீர்வையும் கட்டவேண்டும். அதைக் கட்டுவது முதலாளியின் பொறுப்பு, உங்கள் சம்பளத்தில் பிடிக்க அவருக்கு உரிமையில்லை. நிறுவனத்தில் உள்ளூர் ஊழியர் எண்ணிக்கை குறைந்தால் ஒதுக்கீடும் சுருங்கும். அப்போது நீங்கள் எவ்வளவு நன்றாக வேலை செய்திருந்தாலும் அட்டை புதுப்பிக்கப்படாமல் போகலாம்.

மனைவி, பிள்ளைகளைச் சார்ந்தோர் அட்டையில் அழைத்துவர நிலையான மாதச் சம்பளம் 6,000 வெள்ளி இருக்கவேண்டும். ‘நிலையான’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அடிப்படைச் சம்பளமும் மாதந்தோறும் மாறாத படிகளும் மட்டுமே இதில் சேரும். மிகைநேர ஊதியம், போனஸ், கமிஷன் சேராது. 5,400 அடிப்படையும் 800 மாறும் படியுமாக 6,200 என்று எழுதிக்கொடுத்தால் குடும்ப அட்டை கிடைக்காது. பெற்றோரையும் நீண்டகால அட்டையில் கூட்டிவர நினைத்தால் வரம்பு 12,000 வெள்ளி.

அடுத்தது உங்கள் மனைவியின் வேலை. 2021 மே மாதத்திலிருந்து, சார்ந்தோர் அட்டையில் இருப்பவர் வேலை செய்யவேண்டுமானால் அவருக்கென்று தனியாக வேலை அனுமதி பெற்றாகவேண்டும். முன்போல எளிய ஒப்புதல் கடிதம் போதாது. மலேசியர் என்பதால், எஸ் பாஸுக்கும் கீழ்ப்படியான ஒர்க் பர்மிட் கிடைக்க வழியுண்டு, ஆனால் அங்கேயும் முதலாளிக்கு ஒதுக்கீடும் தீர்வையும் இருக்கின்றன. ஆகவே முதல் ஆண்டில் அவர் சம்பளம் பூஜ்யம் என்று எழுதிக் கணக்குப் போடுவதே நேர்மையானது.

இனி காசு. கோலாலம்பூரில் 9,000 ரிங்கிட்டில் ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 990 ரிங்கிட் போகும். சமூகப் பாதுகாப்புச் சந்தாவான பெர்கெசோவும் வேலைக் காப்புறுதியும் சேர்ந்து சுமார் 42. சொந்தக் கழிவு, பிள்ளைகள் கழிவு, சேமநிதிக் கழிவு எல்லாம் போக வருமான வரி மாதம் 600 வாக்கில் வரும். கைக்கு வருவது 7,370 ரிங்கிட். மனைவியின் 4,000-இல் கைக்கு வருவது 3,500 வாக்கில். மொத்தம் 10,870. இதற்கு வெளியே, சேமநிதிக் கணக்கில் ஏறுவதைப் பலர் எண்ணுவதே இல்லை. உங்களுக்கு முதலாளி தரும் 12 விழுக்காட்டையும் சேர்த்து 2,070 ரிங்கிட். மனைவிக்கு முதலாளி தருவது 13 விழுக்காடு, ஏனெனில் 5,000 ரிங்கிட்டுக்குக் கீழே விகிதம் கூடுதல். அது மொத்தம் 960. இரண்டும் சேர்ந்து மாதம் 3,030 ரிங்கிட். 2024-க்கு அந்தப் பணத்துக்குக் கிடைத்த லாப ஈவு 6.3 விழுக்காடு.

செலவைத் தாராளமாகவே போடுவோம். வீட்டுக் கடன் அல்லது வாடகை 2,000, கார் தவணை, பெட்ரோல், டோல், காப்புறுதி 1,800, பாலர் பள்ளியும் பிள்ளை பார்ப்பவர் கூலியும் 1,500, மளிகையும் வெளிச் சாப்பாடும் 2,200, தண்ணீர், மின்சாரம், தொலைபேசி 700, மருத்துவக் காப்புறுதி 600. மொத்தம் 8,800. மிச்சம் 2,070 ரிங்கிட், அதோடு சேமநிதி 3,030. உங்கள் செல்வம் மாதம் ஏறத்தாழ 5,100 ரிங்கிட் வளர்கிறது.

சிங்கப்பூரில் 6,200 வெள்ளிக்குச் சேமநிதிப் பிடித்தம் இல்லை. இதைப் பலர் நல்ல செய்தியாக எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் முதலாளி தரவேண்டிய 17 விழுக்காடும் இல்லை என்பதே அதன் பொருள். வரி குறைவுதான். ஆண்டு வருமானம் 74,400 வெள்ளிக்குப் பெரிய கழிவுகள் இல்லாமலே சுமார் 2,900 வெள்ளி, மாதத்துக்கு 240. கையில் 5,960. வீவகவின் மூவறை வீட்டு வாடகை வட்டாரத்தைப் பொறுத்து 2,600 முதல் 3,200 வரை போகும், 2,900 என்று வைப்போம். மகனின் படிப்பு 500, மளிகையும் சாப்பாடும் 1,000, தண்ணீர், மின்சாரம், எரிவாயு 230, பேருந்து, ரயில் 250, தொலைபேசி, இணையம் 100, குடும்பத்துக்கான மருத்துவக் காப்புறுதி 300. மொத்தம் 5,280. மிச்சம் 680 வெள்ளி, அதாவது 2,180 ரிங்கிட் வாக்கில். அவ்வளவுதான், பக்கத்தில் வளரும் சேமநிதி எதுவும் கிடையாது.

20,000 ரிங்கிட்டாகத் தெரிந்த சம்பளம், மாதம் 5,100 ரிங்கிட் சேர்த்துக்கொண்டிருந்த குடும்பத்தை 2,180-க்கு இறக்குகிறது. இரண்டும் சமமாக உங்களுக்கு ஏறத்தாழ 7,200, 7,300 வெள்ளி வேண்டும். 8,200-க்கு மேல் பேசி முடித்தால் எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கான சம்பள வரம்பையும் தாண்டிவிடுவீர்கள். அதற்குப் பிறகு கம்பாஸ் என்ற புள்ளி முறை இருக்கிறது. உங்கள் படிப்பு, அந்தத் துறையில் உங்கள் வயதினரின் சம்பளம், நிறுவனத்தின் ஊழியர் கலவை ஆகியவற்றுக்குப் புள்ளி கொடுத்துப் பார்ப்பார்கள். நான் போட்ட எண்களை அழித்துவிட்டு உங்கள் எண்களைப் போடுங்கள். ஆனால் வரிசையை மாற்றாதீர்கள். பிடித்தம் முதலில், சேமநிதி தனியாக, செலவு அந்தந்த நாட்டுப் பணத்திலேயே, மிச்சத்தை மட்டும் கடைசியில் 3.2-ஆல் பெருக்குங்கள். சம்பளத்தையே பெருக்கிவிட்டுச் செலவைக் கழிக்கும்போதுதான் கணக்கு பிசகுகிறது, ஏனெனில் உங்கள் வாடகை ரிங்கிட்டில் போவதில்லை.

வீட்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசவேண்டும், ஏனெனில் இரண்டு நாட்டுக்குமான உண்மையான இடைவெளி இங்கேதான். கோலாலம்பூரின் சுற்றுப்பகுதிகளான காஜாங்கிலோ ரவாங்கிலோ இரண்டு சம்பளக் குடும்பம் ஒரு இரட்டைமாடித் தொடர்வீட்டை 35 ஆண்டுக் கடனில் வாங்கிவிட முடியும். சிங்கப்பூரில் எஸ் பாஸ்காரர் வீவக வீடு வாங்க முடியாது. தனியார் அடுக்குமாடி வாங்கலாம், ஆனால் 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டவருக்குக் கூடுதல் முத்திரை வரி 60 விழுக்காடு. ஆக, அங்கே இருக்கும்வரை நீங்கள் வாடகைக்காரர். நிரந்தரவாசி ஆனாலும் உடனே கிடைக்காது. கணவன், மனைவி இருவரும் நிரந்தரவாசிகளாகி மூன்று ஆண்டு ஆன பிறகே மறுவிற்பனை வீவக வீடு வாங்கலாம். அரசு நேரடியாக விற்கும் புதிய வீட்டுக்குக் குறைந்தது ஒருவர் குடிமகனாக இருக்கவேண்டும்.

அதிலும் இரண்டு நுணுக்கங்கள். ஒரு கட்டடத்தில் எத்தனை நிரந்தரவாசிகள் வாங்கலாம் என்ற ஒதுக்கீடு மலேசியர்களுக்குப் பொருந்தாது, இது உங்களுக்குச் சாதகம். ஆனால் 1989-இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை பொருந்தும். இந்தியர், பிற இனத்தவருக்கு ஒரு வட்டாரத்தில் 12 விழுக்காடும் ஒரு கட்டடத்தில் 15 விழுக்காடும்தான் உச்சவரம்பு. அது நிரம்பிய கட்டடத்தில் நீங்கள் வாங்க விரும்பினால், விற்பவரும் அதே பிரிவைச் சேர்ந்தவராக இருக்கவேண்டும். பின்னாளில் விற்கும்போதும் இதே விதி வாங்குவோர் வட்டத்தைப் பாதிக்கும். இன்னொன்று, நிரந்தரவாசிகள் வீவக வீடு வாங்கினால் வெளிநாட்டில் வைத்திருக்கும் வீட்டை ஆறு மாதத்துக்குள் விற்றாகவேண்டும். காஜாங் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அங்கே ஒன்று வாங்கலாம் என்ற கனவு இந்த இடத்தில் உடைகிறது.

வாடகைக்கு எடுப்பதென்றால், வீட்டுக்காரருக்கு வீவகவின் வாடகை அனுமதி இருக்கிறதா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வீவக இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அனுமதியில்லாத வீட்டில் இருப்பவர் இடையிலேயே காலி செய்ய நேரும். இரண்டு ஆண்டு ஒப்பந்தத்துக்கு இரண்டு மாத முன்பணம் வழக்கம். மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு முத்திரை வரியை வாடகைக்காரர்தான் கட்டுவார். வேலை போனால் 12 மாதத்துக்குப் பிறகு முன்கூட்டியே விலகலாம் என்ற ‘டிப்ளமேட்டிக் கிளாஸ்’ பிரிவை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். அது இல்லாமல் கையெழுத்துப் போட்டவர்கள், நாட்டைவிட்டுக் கிளம்பிய பிறகும் மிச்ச மாதங்களுக்கான வாடகைக்குப் பொறுப்பாகிறார்கள்.

பிள்ளைகளின் படிப்பு இதைவிடச் சிக்கல். சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளிகள் தரமானவை, அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் உங்கள் மகன் அங்கே அனைத்துலக மாணவர். முதலாம் வகுப்புச் சேர்க்கையில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் முடிந்த பிறகு, கடைசிக் கட்டத்தில்தான் அவர் பெயர் வரும். இடம் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. கிடைக்காவிட்டால் அடுத்த ஆண்டு, இரண்டாம் வகுப்பு முதல் நடக்கும் ஏஇஐஎஸ் நுழைவுத் தேர்வை எழுதவேண்டும். கட்டணம், ஆசியான் நாட்டுப் பிள்ளை என்பதால் பிற வெளிநாட்டவரைவிடக் குறைவு, ஆனாலும் மாதம் 500 வெள்ளியைத் தாண்டும். குடிமக்கள் பிள்ளைகளுக்குத் தொடக்கப்பள்ளிக் கட்டணமே இல்லை. கல்வி அமைச்சு நடத்தும் பாலர் பள்ளிகளில் குடிமக்கள், நிரந்தரவாசிகளின் பிள்ளைகளுக்கு மட்டுமே இடம். குழந்தைப் பராமரிப்பு மானியமும் குடிமக்களின் பிள்ளைகளுக்குத்தான். உங்கள் மகளை முழுநாள் பராமரிப்பில் விட்டால் முழுக் கட்டணம், மாதம் ஆயிரம் வெள்ளிக்குக் குறையாது. மேலே போட்ட கணக்கில் இதை நான் சேர்க்கவில்லை.

மலேசியாவில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் அரசுக் கல்வி முறைக்குள்ளேயே இருக்கின்றன. கணிதத்தையும் அறிவியலையும் பிள்ளை தமிழில் கேட்டு வளரும் வாய்ப்பு தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் வெளியே வேறெங்கும் இந்த அளவில் இல்லை. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி, பள்ளியில் தாய்மொழிப் பாடம். ஆனால் பயிற்றுமொழி ஆங்கிலம். அங்கே கடைசியாக இயங்கிய தமிழ்ப்பள்ளியான உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளி 1982-இல் மூடப்பட்டது. மலேசியாவில் தடுமாற்றம் பிறகு வருகிறது. ஆறு ஆண்டுத் தமிழ்ப்பள்ளிக்குப் பின் இடைநிலைப்பள்ளியில் எல்லாம் மலாய்மொழி. இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடித்ததும், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் இடங்களில் 90 விழுக்காடு மலாய்க்காரரும் பூர்வகுடியினருமான பூமிபுத்ராக்களுக்கு என்ற ஒதுக்கீடு இந்தியப் பெற்றோரின் தூக்கத்தைக் கெடுக்கிறது. 10ஏ-வும் அதற்கு மேலும் எடுப்போருக்கு இன வேறுபாடின்றி இடம் என்று 2024-இல் அறிவித்தார்கள், அது நல்ல மாற்றம். சிங்கப்பூரில் அழுத்தம் முன்பே தொடங்கிவிடும். 12 வயதில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு, அதற்காக நான்காம் வகுப்பிலிருந்தே துணைப்பாட வகுப்புகள். பல்கலைக்கழக வாய்ப்பைக் கருதினால் சிங்கப்பூர் நிரந்தரவாசிப் பிள்ளையின் நிலை மேல். 12 வயதுவரை பிள்ளைப்பருவத்தையும் தமிழையும் கருதினால் மலேசியா மேல் என்பது என் துணிபு.

மகன் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. பெற்றோரோடு சேர்ந்து நிரந்தரவாசியாகும் ஆண் பிள்ளை பதினெட்டு வயதில் இரண்டு ஆண்டு தேசிய சேவை செய்யவேண்டும். செய்யாமல் நிரந்தரவாசத்தைக் கைவிட்டால், பின்னாளில் அவர் சிங்கப்பூரில் படிக்கவோ வேலை செய்யவோ விண்ணப்பிக்கும்போது அது குறுக்கே நிற்கும். மகன் 5 வயதில் இருக்கும்போதே இதைப் பேசி முடிவெடுங்கள்.

மருத்துவம் சுருக்கமாக. மலேசியக் குடிமகனுக்கு அரசு மருந்தகத்தில் 1 ரிங்கிட், சிறப்பு மருத்துவருக்கு 5 ரிங்கிட். காத்திருப்பு நீளம், பெரிய மருத்துவமனைகளில் கூட்டம் அதிகம், ஆனால் பெரிய நோய் வந்தால் குடும்பம் கடனில் மூழ்காது. தனியார் காப்புறுதிச் சந்தா ஏறிக்கொண்டே போகிறது. 2024 டிசம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாராவே தலையிட்டு ஏற்றத்தைச் சில ஆண்டுகளுக்குப் பரப்பச் சொல்லவேண்டி வந்தது. சிங்கப்பூரில் சிகிச்சை விரைவு, தரம் உயர்வு, மானியம் உங்களுக்கு இல்லை. எஸ் பாஸ்காரருக்கு முதலாளி ஆண்டுக்கு 60,000 வெள்ளி மருத்துவமனைக் காப்புறுதி எடுத்தாகவேண்டும் என்பது சட்டம். அது ஊழியருக்கு மட்டும். மனைவி, பிள்ளைகளுக்கு நீங்களே எடுக்கவேண்டும், அதனால்தான் கணக்கில் 300 வெள்ளி போட்டேன்.

அன்றாடப் பொழுதில் சிங்கப்பூர் வெல்கிறது, அதை மறுக்கக்கூடாது. கார் இல்லாமல் வாழலாம், வாழ்ந்தே ஆகவேண்டும். பத்து ஆண்டுக்கான வாகன உரிமைச் சான்றிதழ் மட்டுமே அண்மை ஏலங்களில் ஒரு லட்சம் வெள்ளியைத் தொட்டும் தாண்டியும் போயிருக்கிறது. ஆனால் பேருந்தும் ரயிலும் சொன்ன நேரத்துக்கு வரும், இரவு 11 மணிக்கு மனைவி தனியாக நடந்து வீடு திரும்பலாம். கோலாலம்பூரில் மாதம் 50 ரிங்கிட்டுக்கு மை50 அட்டை எடுத்தால் ரேபிட் ரயில், பேருந்து எல்லாம் அளவின்றிப் போகலாம். ஆயினும் வீட்டிலிருந்து நிலையம்வரை போவதற்கே கார் தேவைப்படும் தாமான்கள் என்ற குடியிருப்புப் பகுதிகள்தான் அதிகம். தினமும் இரண்டு மணி நேரம் நெரிசலில் போகும் குடும்பத்துக்கு, பெரிய வீடு தூங்க மட்டும்தான் பயன்படுகிறது. விடுமுறையில் வேறுபாடு சிறிது: சட்டப்படி வேலை வாரம் அங்கே 44 மணி, இங்கே 45. தீபாவளி இரு நாட்டிலும் பொது விடுமுறை. தைப்பூசத்துக்கு சிலாங்கூர், கோலாலம்பூர், பினாங்கு, பேராக், ஜொகூர் போன்ற இடங்களில் விடுமுறை உண்டு. சிங்கப்பூரில் 1968-க்குப் பிறகு இல்லை, அங்கே காவடி எடுப்பவர் ஆண்டு விடுப்பில் ஒரு நாளைக் கழித்துக்கொள்கிறார்.

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது, பல்லாயிரம் மலேசியக் குடும்பங்கள் அதில்தான் வாழ்கின்றன. குடும்பத்தை ஜொகூர் பாருவில் வைத்துவிட்டு, சம்பளத்தைச் சிங்கப்பூரில் வாங்குவது. பணக்கணக்கில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. வார நாட்களுக்கு ஓர் அறை 900 வெள்ளி, சாப்பாடு 600, போக்குவரத்து 150 போக, 4,310 வெள்ளி மிஞ்சும். அது 13,800 ரிங்கிட் வாக்கில். ஜொகூர் வீட்டுச் செலவு 7,000 ரிங்கிட் போனாலும் பாதி நிற்கும், மனைவி அங்கேயே வேலை பார்த்தால் அது தனி. இதன் விலையைப் பிள்ளைகள் கொடுக்கிறார்கள். அறை எடுத்தால் வாரத்துக்கு இரண்டு இரவுதான் அப்பா. தினமும் கடந்தால் அதிகாலை 4:30-க்குக் கிளம்பி இரவு 9-க்குத் திரும்புகிற அப்பா. 1924-இல் திறந்த, ஒரு கிலோமீட்டர் நீளமே உள்ள அந்தக் கடற்பாலத்தை நாளொன்றுக்கு 3 லட்சத்துக்கும் அதிகமானோர் கடக்கிறார்கள். 2024 மார்ச் முதல் உட்லண்ட்சில் கடப்பிதழுக்குப் பதிலாக கியூஆர் குறியீடு காட்டலாம் என்பதால் கொஞ்சம் வேகம் கூடியிருக்கிறது. 2025 ஜனவரியிலிருந்து ஜொகூரின் வார விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறியதால் பிள்ளைகளின் விடுமுறையும் உங்கள் விடுமுறையும் ஒரே நாளில் விழுகின்றன. புக்கிட் சாகாருக்கும் உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் இடையில் சுமார் 4 கிலோமீட்டர் ஆர்டிஎஸ் ரயில் 2026 இறுதியில் ஓடத் தொடங்கும் என்று திட்டமிட்டிருக்கிறார்கள். ஒரு திசையில் மணிக்கு 10,000 பேர். இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் ஏறும் இடத்திலேயே முடிந்துவிடும். உங்களால் முடிவைத் தள்ளிப்போட முடியுமானால், அந்த ரயில் ஓட ஆரம்பித்த பிறகு இந்த வழியை எடைபோடுவதே மேல். நிலையத்துக்கு அருகில் வாடகை ஏற்கெனவே ஏறியிருக்கிறது என்பதையும் கணக்கில் சேருங்கள்.

இந்த வழியில் போகிறவர்கள் செய்யும் தவறுகள் ஒரே மாதிரியானவை. முதலாவது முதுமைக்காலச் சேமிப்பு. பத்து ஆண்டு சிங்கப்பூரில் உழைத்துவிட்டுத் திரும்புகிறவரின் ஊழியர் சேமநிதிக் கணக்கு, போன அன்று இருந்த இடத்திலேயே நிற்கும், லாப ஈவு மட்டும் ஏறியிருக்கும். 60 வயதில் அடிப்படைச் சேமிப்பாக 390,000 ரிங்கிட் வேண்டும் என்று சேமநிதி வாரியமே சொல்கிறது. சம்பளம் வந்த மறுநாளே குறைந்தது 2,000 ரிங்கிட் தானாகப் போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்யுங்கள். சுயமாக ஆண்டுக்கு ஒரு லட்சம் ரிங்கிட்வரை போடலாம். இரண்டாவது கார். சிங்கப்பூரில் அறை எடுத்துத் தங்கும் வேலை அனுமதிக்காரர் மலேசியப் பதிவெண் காரை அங்கே ஓட்டக்கூடாது. வார இறுதியில் எடுத்துவந்து வீட்டருகே நிறுத்தினாலும் குற்றம். மூன்றாவது வீட்டிலிருந்து வேலை. முதலாளி அனுமதித்தாலும், ஜொகூரில் உட்கார்ந்து செய்யும் நாட்களின் சம்பளத்துக்கு மலேசிய வரி வரும். வாரத்துக்கு ஒரு நாள் என்றாலும் நாட்களைக் குறித்துவைத்து வரிக் கணக்காளரிடம் காட்டுங்கள். நான்காவது பிள்ளைப்பேறு. மூன்றாவது குழந்தை சிங்கப்பூரில் பிறந்தால், உங்கள் இருவர் திருமணப் பதிவும் பிறப்புப் பதிவும் மலேசியத் தூதரகத்தில் காலத்தோடு நடக்கவேண்டும். மலேசியாவில் பிரசவிப்பது காகித வேலையைப் பாதியாக்கும்.

நிரந்தரவாசம் கிடைத்தால் எப்படி மாறும் என்று சொன்னேனே, அதையும் எண்ணில் பாருங்கள். அதே 6,200 வெள்ளிக்கு மூன்றாம் ஆண்டிலிருந்து சேமநிதிக்கு உங்கள் பங்கு 1,240, முதலாளி பங்கு 1,054, ஆக 2,294 வெள்ளி. முதல் இரண்டு ஆண்டில் விகிதம் குறைவு. அதில் ஒரு பகுதி மெடிசேவுக்குப் போய் மருத்துவச் செலவைத் தாங்கும், ஒரு பகுதியை வீட்டுக் கடனுக்குப் பயன்படுத்தலாம். மனைவி எந்த அனுமதியும் கேட்காமல் வேலைக்குப் போகலாம், அந்த ஒன்றே குடும்பத்துக்கு மாதம் 3,000 வெள்ளிக்கு மேல் சேர்க்கும். பள்ளிக் கட்டணம் குறையும், சேர்க்கை உறுதியாகும். நிரந்தரவாசத்தைத் துறந்து நாட்டைவிட்டு நிரந்தரமாகக் கிளம்பினால் சேமநிதியை எடுத்துக்கொள்ளலாம். எஸ் பாஸ்காரரும் விண்ணப்பிக்கலாம், ஆனால் மறுக்கப்பட்டால் காரணம் சொல்லமாட்டார்கள். வரும் என்று நம்பி வீட்டை விற்றுவிட்டுப் போகாதீர்கள்.

அந்த நிறுவனத்திடம் இப்போது கேட்கவேண்டியவை சில. எந்த அட்டைக்கு விண்ணப்பிக்கப்போகிறீர்கள்? மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் தகுதிச் சோதனைக் கருவி இருக்கிறது, உங்கள் விவரங்களை நீங்களே போட்டுப் பார்த்துவிட்டுக் கேளுங்கள். 6,200-இல் நிலையான மாதச் சம்பளம் எவ்வளவு? எஸ் பாஸ் என்றால் ஒதுக்கீட்டில் இன்னும் எத்தனை இடம் மிச்சம் இருக்கிறது? குடும்பக் காப்புறுதி தருவார்களா? சம்பளத்தை 8,200-க்கு உயர்த்தினால் தங்களுக்கு ஒதுக்கீடும் தீர்வையும் தேவைப்படாத எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு விண்ணப்பிக்கலாம் என்பதை அவர்களிடமே எடுத்துச் சொல்லுங்கள். தீர்வையில் மிச்சமாகும் மாதம் 650 வெள்ளி பேரத்தில் உங்களுக்குக் கைகொடுக்கும்.

உயர்த்த மறுத்தால், குடும்பத்தை நகர்த்தாமல் நீங்கள் மட்டும் ஓராண்டு போய்ப் பார்ப்பதற்கு நான் எதிரியில்லை. அப்போது கையில் மூன்று மாதச் செலவை ரிங்கிட்டிலேயே ஒதுக்கி வையுங்கள். வேலை முடிந்தால் அட்டை ரத்தாகி, வழக்கமாக 30 நாள் தங்க அனுமதி தருவார்கள். அதோடு, வெளிநாட்டு ஊழியர் விலகும்போது வரிக் கணக்குத் தீரும்வரை முதலாளி கடைசிச் சம்பளத்தை நிறுத்திவைக்கவேண்டும் என்பது அங்கே சட்டம். அந்த மாதச் சம்பளம் கைக்கு வரச் சில வாரங்கள் ஆகும், வாடகையும் திரும்பும் செலவும் அதற்கு முன்பே வந்து நிற்கும்.